ஏற்காட்டுப் பறவைகளுக்கு எந்த கேமரா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். ஞாயிறு விடிந்தால் பைக்கில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டில் நிற்பேன். போன வாரம் ஒரு காபித் தோட்ட வேலியில் செம்மீசைச் சின்னான் வந்து உட்கார்ந்தது. கன்னத்துச் சிவப்பு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. போனில் எடுத்துப் பார்த்தால் வெறும் கரும்புள்ளி. அன்றைக்கே கேமரா வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன்.

கையில் 50,000 ரூபாய் வரை இருக்கிறது. கேனான் 1500டி மாதிரி ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆரா (லென்ஸைக் கழற்றி மாற்றும் கேமரா), எஸ்எக்ஸ்70 மாதிரி 65 மடங்கு சூப்பர்ஜூமா (லென்ஸ் மாற்ற முடியாது, தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும்) என்பதுதான் குழப்பம். டிஎஸ்எல்ஆரோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸ் பறவைக்கு எட்டாது; மி.மீ. கூடினால்தான் தூரம் எட்டும். 55-250 தனியாக வாங்க வேண்டும்; அதுவும் ஃபுல்ஃபிரேம் (பழைய ஃபிலிம் கேமரா அளவு) கணக்கில் 400 மி.மீ. தான். சூப்பர்ஜூமோ அதே கணக்கில் 1365 வரை போகிறது, பைக் பையிலும் அடங்கும்.

ஆனால் அதன் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) ரொம்பச் சின்னது. டிஎஸ்எல்ஆர் சென்சாரின் பரப்பு அதைவிட பத்து மடங்குக்கும் மேல். ஏற்காட்டில் காலை ஏழு மணிக்குப் பனிமூட்டம், மேலே சில்வர் ஓக் நிழல். அந்த வெளிச்சத்தில் முழு ஜூம் போட்டால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) ஏறி, படம் புள்ளி புள்ளியாகி, இறகெல்லாம் கரைந்துவிடுமோ என்பதுதான் என் பயம்.

மலையில் சூப்பர்ஜூம் வைத்து எடுத்தவங்க யாராவது இருந்தால், காலை நேரப் படம் ஒன்றிரண்டு போடுங்களேன். அப்புறம், 55-250 லென்ஸைப் பழையதாக வாங்கினால் எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும்?