கலைச்சொல்: ‘லாபியிங்’குக்குப் ‘பரப்புரை’ போதுமா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

‘லாபியிங்’குக்கு நீங்கள் சொன்ன ‘பரப்புரை’ எனக்கு ஒட்டவில்லை. பரப்புரை ஊருக்கே சொல்வது. லாபியிங் முடிவெடுக்கிறவரிடம் மட்டும் போய்ச் சொல்வது.

ஜிஎஸ்பி பிளஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். வளரும் நாடுகளின் சரக்குக்கு ஐரோப்பிய ஒன்றியம் சுங்கவரியைக் குறைக்கிற ஏற்பாடு ஜிஎஸ்பி; அதில் கூடுதல் சலுகைதான் பிளஸ். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் ஆடைக்குப் பெரும்பாலும் 12 சதம் சுங்கவரி. சாதாரண ஜிஎஸ்பி என்றால் 9.6. பிளஸ் கிடைத்துவிட்டால் வரியே கிடையாது. ஆனால் மனித உரிமை, தொழிலாளர் உரிமை என்று 27 உடன்படிக்கைகளை மதித்து நடக்க வேண்டும். இலங்கைக்கு 2005இல் கிடைத்தது. சித்திரவதைத் தடை, குழந்தை உரிமை, குடிமை-அரசியல் உரிமை ஆகிய மூன்று உடன்படிக்கைகளையும் சரிவர நடைமுறைப்படுத்தவில்லை என்று 2010 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். 2017 மே மாதம் திரும்பக் கொடுத்தார்கள். 2021இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் காட்டி ஐரோப்பிய நாடாளுமன்றம் அந்தப் பேச்சை மறுபடியும் கிளப்பியது.

ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸுக்கு நடையாய் நடந்தது ஒரு தரப்பு மட்டுமா? உரிமைக்காரர்கள் ஒரு பக்கம், ஆடை ஏற்றுமதியாளர்கள் மறுபக்கம். சீனச் சரக்குக்குக் குறைந்த வரியைத் தொடரலாமா என்று 1990களில் வாஷிங்டனில் ஆண்டுதோறும் இதே கூத்துதான். 1994 மே மாதம் அமெரிக்க அதிபர் கிளிண்டன் மனித உரிமையை வணிகத்திலிருந்து கழற்றிவிட்டார். கம்பெனிகள் பேச்சு எடுபட்டது. அதனால் நியாயம் கேட்கிறவருக்கும் லாபம் கேட்கிறவருக்கும் ஒரே சொல் பொருந்த வேண்டும். ‘நீதி கோரல்’ என்று வைத்தால் அது இங்கே அடிபட்டுப் போகிறது.

‘செவிசேர்ப்பு’ எப்படி? ‘அவர் காதுல லேசா போட்டு வையும்வே’ என்கிறோமே, அதுதான். ஜிஎஸ்பி பிளஸ் மாதிரிச் சலுகைக்கு ‘நிபந்தனை வரிச்சலுகை’.

— பாளையங்கோட்டையிலிருந்து

செவிசேர்ப்பு, கோள் மூட்டுகிற மாதிரி இருக்கிறது அண்ணாச்சி! ‘ஆதரவு திரட்டல்’ என்றே விட்டால் என்ன?

நிபந்தனையும் போதாது. கடன் கொடுக்கிறவன்கூடத்தான் நிபந்தனை போடுகிறான். நான் டியூஷன் எடுக்கும் கங்கைகொண்டான் இலங்கைத் தமிழர் முகாமில் ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய சித்தி மகள் இலங்கையில் கட்டுநாயக்கா ஆடை ஆலையில் சட்டைக் காலர் தைக்கிறாள். ‘சலுகையை நிப்பாட்டினால்தான் அவங்களுக்கு உறைக்கும்’ என்று ஆரம்பிப்பார். அப்புறம் அவரே, ‘ஆனா பிள்ளைக்கு வேலை போயிரக் கூடாது’ என்பார். எவனோ செய்த தப்புக்கு இவள் கூலி பிணையாக நிற்கிறது. அதனால் ‘உரிமைப்பிணைச் சலுகை’ என்று வைக்கலாம்.

— கங்கைகொண்டான் பக்கம்

பிணை நல்ல சொல்தான் தாயி. ஆனால் ஜெயில் இருக்கிற ஊர்க்காரன் நான்; பிணை என்றதும் ஜாமீன்தான் ஞாபகம் வருகிறது. சரி, அதுவும் நிபந்தனையை மீறினால் ரத்தாகிறதுதானே! உரிமைப்பிணைச் சலுகையைப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

‘ஆதரவு திரட்டல்’ வேண்டாம், அதைத் தேர்தல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். செவிசேர்ப்புக்கு ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கிறேன். தூத்துக்குடிக்காரர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை, அவர்களும் சொல்லட்டும்.

— பாளையங்கோட்டையிலிருந்து