குளிரில் தோல் புடைப்பதற்கு என்ன சொல்வீர்கள்?

கோத்தகிரியில் 6-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். குளிர் பட்டதும் முடியின் அடியிலுள்ள சின்னத் தசை சுருங்கி, முடி குத்திட்டு, தோல் புள்ளி புள்ளியாகப் புடைக்கிறதே, அதற்குத்தான்.

'மெய்சிலிர்ப்பு' என்று போட்டால் பக்தியோ பெருமிதமோ வந்ததுபோல இருக்கிறது. 'புளகாங்கிதம்' முழுக்க மகிழ்ச்சி. 'மயிர்க்கூச்செறிதல்' பொருளுக்கு மிகச் சரி, எனக்குப் பிடித்த சொல்லும்கூட. ஆனால் முதல் பாதியிலேயே வகுப்பு சிரித்துவிட்டது, பாடம் நகரவில்லை. சரி, 'புல்லரிப்பு' என்றேன். "அது நல்ல பாட்டு கேட்டால்தானே வரும்?" என்றாள் ஒரு மாணவி.

உங்கள் வீட்டில், ஊரில், உணர்ச்சி கலக்காமல் குளிருக்கு மட்டும் சொல்லும் சொல் எது?