சைல்டு லாக்: 'உள்திறவாக் கொண்டி' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

காரின் பின்கதவைப் பிள்ளைகள் உள்ளிருந்து திறந்துவிடாமல் தடுக்கும் 'சைல்டு லாக்' அமைப்புக்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே வந்த 'குழந்தைப் பூட்டு', 'மழலைத்தாழ்' என்ற இரண்டு பரிந்துரைகளையும் படித்தேன். இரண்டுமே எனக்கு நெருடுகின்றன. காரணம் என் வீட்டிலேயே நடந்தது.

போன மாதம் கும்பகோணத்தில் வெற்றிலை வாங்க இறங்கினேன். காரைப் பூட்டவில்லை. பின்னால் அம்மாவும் நான்கு வயது மகனும். நல்ல வெயில். அம்மா இறங்கப் பார்த்திருக்கிறார். உள்கைப்பிடியை எத்தனை முறை இழுத்தும் கதவு திறக்கவில்லை. கண்ணாடியைத் தட்டியதும் எதிரே இளநீர் சீவிக்கொண்டிருந்தவர் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "குழந்தைப் பூட்டு போட்டிருக்கு தம்பி, சாவி என் மகன்கிட்ட இருக்கு" என்றாராம் அம்மா. அவரும் அதை நம்பி என்னைத் தேடிக் கடைத்தெருவுக்குள் போய்விட்டார். வெளிக்கைப்பிடியை ஒருதரம் இழுத்திருந்தால் கதவு திறந்திருக்கும்!

பூட்டு என்றால் நமக்குச் சாவிதான் நினைவுக்கு வரும். இதற்குச் சாவி கிடையாது. பின்கதவைத் திறந்தால் அதன் விளிம்பில், தாழுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். சில வண்டிகளில் சாவி நுனியால் திருப்பும் பொளி இருக்கும். அங்கேயும் சாவி வெறும் திருப்புளிதான். நெம்பைத் தள்ளினாலோ பொளியைத் திருப்பினாலோ உள்கைப்பிடி மட்டும் வேலை செய்யாது. யாருக்கானது என்பதைவிட எந்தப் பக்கம் திறக்காது என்பதைச் சொல் காட்ட வேண்டும். அதனால்தான் 'உள்திறவாக் கொண்டி' என்கிறேன். கொண்டி என்றால் கதவை மாட்டும் தாழ்; எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு புழங்கும் சொல். புணர்ச்சி விதிப்படி 'உட்டிறவா' என்றுதான் வரும், தெரியும். ஆனால் படிப்பவருக்குச் சட்டென்று புரிய வேண்டுமே.

குடமுருட்டி ஆற்றங்கரையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தக் கொண்டியின் அருமை தெரியும். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல், நடுவில் ஒரு வண்டி போகும் அகலம். அந்தச் சாலையில் பிள்ளை கைப்பிடியை இழுத்தால் என்ன ஆகும்?

அடுத்தது கார் சீட், அதாவது காரில் பிள்ளையை உட்கார வைத்துப் பிணைக்கும் தனி இருக்கை. அதற்கு 'தூளியிருக்கை' என்பது கேட்க அழகு, ஆனால் தூளி ஆடும். இது அசையவே கூடாது. 'அணைப்பிருக்கை' பொருந்தும். இந்த இருக்கையை வண்டியோடு பிணைக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் மாட்டும் கம்பிகளை 'முளை' எனலாம், மாடு கட்டும் முளை போல.

ஒரு இடத்தில் மட்டும் மிகக் கவனம் தேவை. கைக்குழந்தையை வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி உட்கார வைக்கும் இருக்கையைச் சிலர் 'பின்னிருக்கை' என்று எழுதுகிறார்கள். பின்வரிசை இருக்கைக்கும் அதே பெயர்தானே! முன்னிருக்கைக்கு எதிரே உள்ள காற்றுப்பை (ஏர்பேக்) இயங்கும் நிலையில் இருக்கும்போது இதை முன்னிருக்கையில் வைத்தால், பை விரியும் வேகத்தில் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஆகவே 'பின்நோக்கு அணைப்பிருக்கை' என்று முழுசாகவே எழுதுவோம். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில், 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ இப்படிப்பட்ட இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1000 ரூபாய் அபராதம் இருக்கிறது. விளக்கக் கையேடுகள் தமிழில் வரும்போது சொல் தயாராக இருக்க வேண்டும்.

அப்புறம் பூஸ்டர். பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளில் படியும்படி பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பலகை அது. 'மணை' என்றே சொல்லிவிடலாமா?