நேட்டால் கப்பல் பட்டியல்: பூட்டனின் எண்ணைப் போட்டால் ஒரு பெண்ணின் பெயர் வருகிறது

வேர்தேடி

தாத்தாவின் அப்பா 1931-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இறந்தார். இறப்புச் சான்றில் வயது 48, குடும்பப் பெயர் ‘கோவெண்டர்’, கூடவே ஐந்து இலக்கத்தில் ஒரு குடியேறி எண். இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலில் அந்த எண்ணைத் தேடினால் 22 வயதுப் பெண் ஒருவரின் வரி வருகிறது. 1882-இல் சென்னையிலிருந்து வந்தவர். மாவட்டம் வட ஆற்காடு, தாலுகா போளூர், சாதி ‘பள்ளி’. ஊர்ப் பெயரின் எழுத்துகள்: சி-ஓ-எல்-ஏ-டி-ஓ-ஓ-ஆர்.

எண் தவறா, இல்லை நான் படித்தது தவறா? கோவெண்டர் என்றால் கவுண்டர் என்கிறார்கள். அப்படியானால் கோயம்புத்தூர்ப் பக்கம் அல்லவா தேட வேண்டும்? இந்த ஊரை இன்றைய வரைபடத்தில் எப்படிப் பிடிப்பது?

கப்பல்கணக்கு

எண் சரியாகவே இருக்கலாம். அது அவருடைய எண் இல்லை, அவருடைய அம்மாவின் எண்ணாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1931-இல் 48 என்றால் பிறப்பு சுமார் 1883, அந்தப் பெண் கரையிறங்கிய மறு வருஷம். நேட்டாலிலேயே பிறந்த பிள்ளைகளுக்குக் கப்பல் எண் கிடையாது. பதிவுகளில் ‘இன்ன எண்ணின் மகன்’ என்று பெற்றோர் எண்ணை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். பிறகு சான்று நகலெடுத்தவர் ‘மகன்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் இந்தக் குழப்பம் வரும்.

ஆனால் இறப்புச் சான்றின் வயதை அப்படியே நம்ப வேண்டாம். அது பக்கத்தில் இருந்தவர் சொன்ன மதிப்பு. ஐந்து வருஷம் முன்பின் போகும். கைக்குழந்தையாகக் கப்பலில் வந்திருந்தால் அவருக்கே தனி எண் இருக்கும். எனவே முதல் வேலை, அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் இருபது இருபது எண்களைப் படிப்பது. ஒரே குடும்பம் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் இருக்கும். ஒரே ஆள்பிடிப்பவர் ஒரே தாலுகாவில் சேர்த்தவர்களும் கூட்டமாக வருவார்கள்.

இரண்டாவது, கணினிப் பதிவோடு நிற்காமல் மூலப் பக்கத்தின் படத்தைப் பாருங்கள். பழைய கையெழுத்தில் 1-ம் 7-ம், 3-ம் 8-ம் எளிதில் மாறிப்போகும். மூலத்தில் தகப்பன் பெயர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு, மச்சம், யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்பதெல்லாம் இருக்கும். ஒரே கப்பலில் நான்கு முனியம்மா இருந்தால் ஆளைப் பிரித்துக் காட்டுவது அந்தத் தழும்புதான்.

1860 முதல் 1911 வரை வந்தவர்கள் 1,52,184 பேர். எண் வந்திறங்கிய வரிசையில் ஓடுகிறது. சென்னைக் கப்பலுக்கும் கல்கத்தா கப்பலுக்கும் ஒரே வரிசை. 1866 முதல் 1874 வரை ஆள் அனுப்புவது நின்றிருந்தது. யாராவது உங்களிடம் 1870-இல் வந்த ஒப்பந்தக் கூலி என்று சொன்னால் அந்த வருஷத்தைச் சந்தேகப்படுங்கள்.

ஏரிக்கரை

கோயம்புத்தூர்ப் பக்கம் போக வேண்டாம். பலர் வழி தவறும் இடமே இதுதான். அன்றைய அரசு ஆவணங்களில் ‘பள்ளி’ என்று எழுதியிருப்பது வன்னியர்களை. வட ஆற்காட்டிலும் சேலத்திலும் அவர்களுக்குக் கவுண்டர் பட்டம் உண்டு. ஆக, பட்டியலில் ‘பள்ளி’, மகன் காலத்தில் ‘கோவெண்டர்’ என்பது முரண் இல்லை, பொருந்தித்தான் வருகிறது. கப்பல் பட்டியலில் குடும்பப் பெயரைத் தேடுவதே வீண். ஏறும்போது இருந்தது ஒற்றைப் பெயரும் தகப்பன் பெயரும்தான். முனுசாமி, பெருமாள் என்ற தகப்பன் பெயரே அங்கே போய்க் குடும்பப் பெயராக உறைந்ததும் நிறைய.

சாதிக் கட்டத்தில் ‘மலபார்’ என்று இருந்தால் கேரளம் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்துக் கடல்கடந்த ஆவணங்களில் அது தமிழரைக் குறிக்கும் சொல். ‘ஜெண்டூ’ என்றால் தெலுங்கர்.

ஊருக்கு வருகிறேன். உங்கள் எழுத்துகள் கொளத்தூர் என்றே படுகிறது. சிக்கல் என்னவென்றால் அந்தப் பெயரில் ஊர்கள் ஏராளம். தாலுகாவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு ‘தானா’ (காவல் நிலைய எல்லை) என்று தலைப்பு இருக்கும், அது வடக்கத்திப் படிவம். சென்னைக் கப்பல்களில் அங்கே தாலுகாதான் எழுதியிருக்கும். ஆனால் அன்றைய போளூர் வேறு, இன்றைய போளூர் வேறு. கலசப்பாக்கம் போன்றவை பிறகு தனி வட்டங்களாகப் பிரிந்தவை. 1989-இல் வட ஆற்காடே இரண்டானபோது போளூர் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போனது. 1911-க்கு முந்தைய வட ஆற்காட்டில் சித்தூரும் அடக்கம். இதைத் தெரியாமல் இன்றைய வேலூர் மாவட்டத்துக்குள் மட்டும் சுற்றினால் ஆயுசுக்கும் கிடைக்காது.

எழுத்தரின் காதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே ‘எல்’. வட ஆற்காட்டுப் பேச்சில் பழம் ‘பயம்’ ஆகும், கிழவி ‘கெயவி’ ஆவாள். அதனால் ‘ழ’ வரும் ஊருக்கு ‘ஒய்’ எழுத்தையும் போட்டுத் தேடுங்கள். சகரம் ‘எஸ்’, ‘சி-எச்’ இரண்டிலும் வரும். வாயால் உரக்கச் சொல்லிப் பாருங்கள், கண்ணால் படித்தால் பிடிபடாது.

கடைசியாக, வீட்டில் குலதெய்வம் யார் என்று கேளுங்கள். மன்னார்சாமியோடு பச்சையம்மன் என்றால் நீங்கள் சரியான வட்டாரத்தில்தான் இருக்கிறீர்கள். ஒரு தாலுகாவில் இரண்டு கொளத்தூர் வந்தால், எந்த ஊர்க் கோயிலுக்கு யார் பங்காளி என்பதுதான் தீர்ப்புச் சொல்லும்.

வேர்தேடி

பக்கத்து எண்களைப் பார்த்தேன். அடுத்த எண்ணில் 26 வயது ஆண். அதே தாலுகா, அதே ஊர், அதே சாதி. ஆனால் முதலாளி வேறு. குழந்தை யாரும் இல்லை. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் இவர்கள் கணவன் மனைவியா என்று தெரியுமா?

கப்பல்கணக்கு

எழும்பூருக்கு இப்போது போகாதீர்கள். அங்கே பெரும்பாலும் இருப்பது அரசுத் துறைகளின் நடவடிக்கைத் தொகுதிகள். ஆள்பிடிப்பு விதி, முகவர் நியமனம், புகார் போன்றவை. உங்களுக்கு வேண்டியது பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இருக்கும்.

கணவன் மனைவியைப் பொதுவாக ஒரே முதலாளியிடம்தான் ஒதுக்குவார்கள். முதலாளி வேறு என்றால் அவர் அண்ணனாகவோ ஊர்க்காரராகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு வரியிலும் தகப்பன் பெயரை ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் அண்ணன் தங்கையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

தகப்பன் பெயர் வேறாக இருந்தால், ஒப்பந்தக் கூலிகளைக் கவனித்த அரசு அதிகாரியான ‘இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர்’ அலுவலகக் கோப்புகளைத் தேடுங்கள். தென்னாப்பிரிக்கத் தேசியக் காப்பகத்தின் இணையத் தேடலில் அந்தத் துறைக்கு ‘ஐ-ஐ’ என்று குறியீடு. பெயரைப் போடாமல் எண்ணைப் போடுங்கள். பெயர் கோப்புக்குக் கோப்பு மாறும். திரையில் வருவது கோப்பின் தலைப்பு மட்டும்தான், படம் வராது. குறிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு நகல் கேட்க வேண்டும்.

ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்ததும் விடுவிப்புப் பதிவு இருக்கும். அம்மாவின் கல்யாணம் பாதுகாவலரிடம் பதிவாகியிருந்தால் கணவரின் எண் அங்கே கிடைக்கும். தாத்தாவின் தாத்தாவைப் பிடிக்க அதைவிட நேர்வழி இல்லை.

ஏரிக்கரை

ஒன்று விட்டுப்போயிற்று. 1931-இல் இறந்தவருக்குச் சொத்து ஏதும் இருந்திருந்தால் வாரிசுக் கோப்பு இருக்கும். அதே தேடலில் ‘எம்-எஸ்-சி-ஈ’ குறியீடு. அதிலுள்ள இறப்பு அறிவிப்பில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் பெயர் எல்லாம் கேட்டிருப்பார்கள். பிறந்த இடம் நேட்டால் என்று இருந்தால் முதல் கேள்வி அங்கேயே தீர்ந்தது. உயில் இருந்தால் கடைசிப் பக்கத்தைத் தவறாமல் வாங்குங்கள். தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தால், எந்த எழுத்தரின் காதிலும் சிக்காத அசல் பெயர் அங்கே இருக்கும்.