கெர்னிங்: ‘எழுத்திடை நெருக்கம்’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

குறிப்பிட்ட இரு வடிவுகள் அடுத்தடுத்து வரும்போது அவற்றுக்கிடையே உள்ள தொலைவை மாற்றியமைப்பதே கெர்னிங். அதற்குத் தமிழ்ச் சொல்லாக முன்மொழியப்பட்டுள்ள ‘எழுத்திடை நெருக்கம்’ என்பதை, எழுத்துருக் கோப்பை நிரல்வழி திறந்து பார்ப்பவர்கள் ஏற்பது கடினம். கோத்தகிரியில் ஊர்ப்பெயர்ப் பலகைகளுக்கு எழுத்து அமைத்துவருவதால், இவ்வூர்ப் பெயரையே சான்றாகக் காட்டுகிறேன்.

‘கோ’ நமக்கு ஓரெழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோடில் அது வழக்கமாகக் ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீட்டெண்கள். திரையிலோ இரட்டைக் கொம்பு, க, கால் என மூன்று கிளிஃபுகள், அதாவது எழுத்துருவில் தனித்தனியே வரையப்பட்ட வடிவுகள். ஆகவே ‘த்’ என்பதற்கு முன்னால் நிற்பது ‘கோ’ அன்று, கால்தான். எழுத்துருக் கோப்பில் ‘கோ’, ‘த்’ என்ற இணையைத் தேடினால் எதுவும் கிடைக்காது. குன்னூரில் நிலைமை தலைகீழ். ககரமும் உகரக் குறியும் சேர்ந்து ‘கு’ என்ற ஒரே கிளிஃபாகிவிடுகின்றன. அதற்குத் தனிக் குறியீட்டெண் இல்லாததால், குறியீட்டெண்ணைக் கிளிஃபோடு இணைக்கும் சிமேப் (cmap) அட்டவணையில் அது அகப்படுவதில்லை. எழுத்துகளைக் கிளிஃபுகளாக மாற்றித்தரும் ஹார்ஃபஸ் (HarfBuzz) போன்ற நிரலகத்தில் சொல்லைச் செலுத்தி, கிளிஃபுகளை மாற்றீடு செய்யும் ஜிஸப் (GSUB) விதிகள் நடந்தேறியபின் வெளிவரும் கிளிஃப் எண்களைக் கொண்டே, கிளிஃபுகளின் இடத்தைச் சரிசெய்யும் ஜிபோஸ் (GPOS) அட்டவணையில் இணையைத் தேட வேண்டும். எனவே ‘எழுத்து’ என்ற முன்னொட்டு பயனரைத் தவறான இடத்தில் தேட வைக்கும்.

‘நெருக்கம்’ என்பதும் பாதி உண்மையே. அளவு எதிர்மமானால் வடிவுகள் நெருங்கும், நேர்மமானால் விலகும். ‘இடைவெளி’யும் ஆகாது: கோப்பில் உள்ள எண் இடைவெளியின் அளவு அன்று, முதல் கிளிஃபின் நகர்வகலத்தோடு (அடுத்த கிளிஃப் தொடங்கும் இடம்வரை உள்ள அகலத்தோடு) கூட்டப்படும் மாற்றம். எழுத்தின் அளவை (எம்) 1000 அலகுகளாகப் பிரித்த எழுத்துருவில் -40 என்றிருந்தால், 12 புள்ளி அளவில் அது 0.48 புள்ளி குறைப்பு. மேலும், எல்லா எழுத்துகளையும் ஒரே சீராக விலக்கும் டிராக்கிங்கிற்கு ‘இடைவெளி’யை விட்டுவைப்பது நல்லது.

கிளிஃபிற்கு ‘வரிவடிவு’, கெர்னிங்கிற்கு ‘வடிவிணைத் திருத்தம்’ என்பவை என் பரிந்துரை. செயலிப் பட்டிகளில் ‘திருத்து’ ஏற்கெனவே வேறு வேலைக்கு இருக்கிறதே என்பார்கள்; அது ஏவல் வினை, இது தொகைச்சொல்லின் ஈற்றில் நிற்கும் பெயர், ஆகையால் குழப்பம் நேராது.

ஒன்று மட்டும் எஞ்சுகிறது. விளிம்பு ஒத்த கிளிஃபுகளை (பல எழுத்துருக்களில் காலும் ரகரமும் அப்படித்தான்) ஜிபோஸ் ஒரே தொகுதியாகக் கொண்டு ஒரே அளவைத் தர வல்லது. அத்தொகுதிக்கு ‘வகுப்பு’ என்றால் நிரலாளர்கள் நிரல்மொழியின் ‘கிளாஸ்’ என்பதை நினைப்பார்கள். ‘வடிவுக் குழு’ தகும். மாற்றுச் சொல் தருவோர், அது பொருந்தும் கிளிஃப் இணை ஒன்றையும் உடன் காட்டுமாறு வேண்டுகிறேன்.