ஒலியும் மரபணுவும் சேர்ந்தால் மூளையில் கம்பி வேண்டாமா?

தேன்சிட்டு:
அப்பாவுக்குப் பார்கின்சன். மூளைக்குள் மின்கம்பி வைத்து, மார்புத் தோலுக்கு அடியில் பேட்டரி பொருத்தும் டிபிஎஸ் அறுவை முடிந்து ஆறு வருஷம் ஆகிறது. கை நடுக்கம் நன்றாகவே குறைந்தது. ஆனால் மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டினால் பேச்சு குழறுகிறது; குறைத்தால் பேச்சு தெளிகிறது, கை ஆடுகிறது. கையா நாக்கா என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மின்சாரம் பக்கத்து நரம்புகளுக்கும் பரவிவிடுகிறது, அதுதான் பிரச்சினை.

அதனால்தான் சோனோஜெனிடிக்ஸ் பற்றிப் படித்ததும் அவ்வளவு ஆசை வந்தது. ஒலி பட்டதும் திறக்கும் ஒரு புரதத்தின் மரபணுவை வேண்டிய நரம்பு செல்களில் மட்டும் வைக்கிறார்கள். பிறகு வெளியிலிருந்து அல்ட்ராசவுண்ட் அனுப்பினால் அந்த செல்கள் தூண்டப்படுகின்றன. 2015-ல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ஸ்ரீகாந்த் சலசானியின் குழு இதைப் புழுவில் செய்து காட்டியது. 2022-ல் சுண்டெலியில், டிஆர்பிஏ1 என்ற மனிதப் புரதத்தை வைத்துக் காலை அசைய வைத்தார்கள். கம்பி இல்லை, பேட்டரி இல்லை, உடலைக் கிழிக்காத சிகிச்சை. இதை யாராவது ஏன் எதிர்க்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

கடலோசை:
அப்பா நலம் பெறட்டும். ஆனால் 'உடலைக் கிழிக்காத சிகிச்சை' என்று இதைச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அந்த மரபணு செல்லுக்குள் எப்படிப் போகிறது? மரபணுவைச் சுமந்து செல்லும் ஏஏவி என்ற வைரஸை மூளைக்குள் ஊசியால் செலுத்துகிறார்கள். கம்பி பிடிக்கவில்லை என்றால் அணைக்கலாம், உருவி எடுக்கலாம். நரம்பு செல்லில் புகுந்த மரபணுவை எப்படி எடுப்பீர்கள்? அதோடு நம்மில் பலருக்கு ஏஏவிக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கிறது. இல்லாதவருக்கும் ஒரு டோஸ் கொடுத்தால் உருவாகிவிடும். இரண்டாவது டோஸ் எடுபடாது. ஒரே வாய்ப்பு, திரும்பி வர வழி இல்லை.

தேன்சிட்டு:
ஊசி கட்டாயம் இல்லை நண்பரே. 2018-ல் கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் மிகைல் ஷபிரோவின் குழு வேறு வழி காட்டியது. ரத்தத்தில் நுண்குமிழிகளை விட்டு, மூளையின் ஒரு பகுதியில் மட்டும் அல்ட்ராசவுண்டைக் குவித்தார்கள். அங்கே, ரத்தத்தில் இருப்பது மூளைக்குள் எளிதில் போகாமல் காக்கும் ரத்த-மூளைத் தடுப்பு சிறிது நேரம் தளர்ந்தது, ரத்தத்தில் செலுத்திய வைரஸ் அந்த இடத்தில் உள்ளே போனது. அந்தச் சோதனையில் பிறகு செல்களை இயக்கியது மருந்து, ஒலி இல்லை. ஆனாலும் மண்டையைத் துளைக்காமல் மரபணுவைக் கொண்டுபோக முடியும் என்பது எலியிலாவது நிரூபணம் ஆகிவிட்டதே. ஏஏவியும் புதுசு இல்லை. 2017-லேயே பரம்பரைப் பார்வைக் குறைபாடு ஒன்றுக்கான ஏஏவி சிகிச்சைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மரப்பாச்சி:
நான் ஒலியியல் படித்தவன். வைரஸைவிட எனக்குக் கவலை மண்டை ஓடு. 2022 சோதனையில் பயன்பட்டது சுமார் 7 மெகாஹெர்ட்ஸ். எலியின் ஓடு மெல்லியது. மனித ஓட்டில் அந்த அலைவரிசை பெரும்பாலும் எலும்பிலேயே தீர்ந்துவிடும். அதனால்தான் மனிதர்களிடம் 1 மெகாஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்குகிறார்கள். 500 கிலோஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் திசுவில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அதைவிட மிகச் சிறிய புள்ளியில் குவிக்க முடியாது. பார்கின்சனுக்குக் கம்பி வைக்கும் மூளைப் பகுதியே சில மில்லிமீட்டர்தான்.

இன்னொன்று. 2018-ல் இரண்டு குழுக்கள் சீமைப்பெருச்சாளியிலும் சுண்டெலியிலும் பார்த்தன. மூளையை அல்ட்ராசவுண்ட் நேரடியாகத் தூண்டியதாக நினைத்ததில் பெரும்பகுதி, காது வழியாக வந்த விளைவு! விலங்குக்கு அந்தத் துடிப்பு கேட்டிருக்கிறது.

தேன்சிட்டு:
மரப்பாச்சி சார், நீங்கள் சொன்ன 3 மில்லிமீட்டர்தான் என் வாதத்துக்கே பலம். ஒலியின் புள்ளி பெரிதாக இருக்கட்டும். அதற்குள் எந்த செல் பதில் சொல்ல வேண்டும் என்பதை மரபணு முடிவு செய்கிறது. வெறும் அல்ட்ராசவுண்டுக்கு இல்லாத வசதி இது. காது விஷயம் சரி, ஆனால் 2022-ல் புரதம் வைக்காத எலிகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வந்தார்கள். காது இரண்டு வகை எலிக்கும் ஒன்றுதானே?

மரப்பாச்சி:
அது நல்ல பதில், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதாரண நரம்பு செல்லுக்கும் அழுத்தம் உணரும் வாயில்கள் உண்டு. ஒலி கூடினால் அவையும் திறக்கும். அதனால் மரபணு வைத்த செல் மட்டும் விழித்து, பக்கத்து செல் தூங்கும் அளவுக்கு ஒலியைக் குறைக்க வேண்டும். ஆளுக்கு ஆள் ஓட்டின் தடிமன் மாறும்போது அந்த இடைவெளியைப் பிடிப்பது லேசு இல்லை.

கடலோசை:
நான் இன்னும் என் கேள்வியிலேயே நிற்கிறேன். டிஆர்பிஏ1 நம் உடலில் வலி நரம்புகளில் இருப்பது, கடுகின் காரத்துக்குத் திறப்பது. அதை அசைவைக் கட்டுப்படுத்தும் செல்லில் இருபது வருஷம் வைத்தால், ஒலி இல்லாத நேரத்திலும் வேறு ஏதாவது அதைத் திறக்காதா? எலி வாழ்வதே இரண்டு மூன்று வருஷம். குரங்குகளில் பல வருஷம் வைத்துப் பார்த்துவிட்டு வரட்டும், அப்புறம் பேசலாம்.

தேன்சிட்டு:
குரங்குகளில் பார்க்கட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. 'உடலைக் கிழிக்காத' என்ற சொல்லையும் விட்டுவிடுகிறேன். மரபணுவை மாற்றுவது உள்ளே நுழைவதுதான். ஆனால் திரும்பி வர முடியாது என்பதற்காகவே வேண்டாம் என்றால், நடுக்கத்துக்கு அல்ட்ராசவுண்டால் மூளையின் ஒரு புள்ளியைச் சுட்டு அழிக்கும் சிகிச்சைக்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்களே, அதையும் திரும்பப் பெற முடியாது. தெரிந்தேதான் நோயாளிகள் சம்மதிக்கிறார்கள். நேற்று அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். இன்னொரு வைரஸா என்று முதலில் பயந்தார். பிறகு, பேச்சும் தெளிவாக இருக்கும், கையும் நிற்கும் என்றால் முதல் ஆளாகப் போகத் தயார் என்றார். அதைச் சொல்வதற்கே அவருக்கு ரொம்ப நேரம் ஆனது.