ஆண்டர்சன் அணையை அடிவரை வடித்தது சரிதானா?

ஓடைக்கரை மீனா:
கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இல்லாதவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்கன் ஹில் அருகே கோயோட்டி ஓடையின் குறுக்கே 1950ல் கட்டிய மண் அணை ஆண்டர்சன். கொள்ளளவு ஏறக்குறைய 90,000 ஏக்கர் அடி, நம் ஊர்க் கணக்கில் 4 டிஎம்சிக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய நிலநடுக்கம் வந்தால் தாங்காது என்று 2020 பிப்ரவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஏரியை வடிக்க உத்தரவு போட்டது. அக்டோபர் 1 முதல் டெட் ஸ்டோரேஜ் மட்டம் வரை, அதாவது அதற்குக் கீழே மதகு வழியாக நீர் வெளியேறாது என்ற மட்டம் வரை, வடித்தார்கள்.

அணையைப் பலப்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓடையை யார் நினைத்துப் பார்த்தார்கள் என்றுதான் கேட்கிறேன். அங்கே ஸ்டீல்ஹெட் மீன் இருக்கிறது. கடலில் வளர்ந்து, முட்டையிட ஓடைக்குத் திரும்பும் ட்ரவுட் வகை. சட்டப் பாதுகாப்பில் உள்ள மீன். அதற்குக் குளிர்ந்த நீர் வேண்டும். கோடையில் ஆழமான ஏரியில் சூடான நீர் மேலே நிற்கும், குளிர்ந்த நீர் கனத்து அடியில் தங்கும். அடிமதகு வழியாக அந்த நீர்தான் ஓடைக்கு வந்துகொண்டிருந்தது. ஏரி போனதும் அந்தக் குளிர்ச்சியும் போய்விட்டது.

மண்ணணை ராகவன்:
மீனா, நான் மண் அணைகளோடு வேலை செய்கிறவன். 1971 பிப்ரவரி 9 சில்மார் நிலநடுக்கத்தைப் படித்துப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் லோயர் சான் ஃபெர்னாண்டோ அணையின் மேல்பகுதி ஏரிக்குள்ளேயே சரிந்தது. தண்ணீருக்கு மேலே சில அடி மண்தான் மிச்சம். கீழே இருந்த சுமார் 80,000 பேரை வெளியேற்றினார்கள். அன்று ஏரி நிரம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆண்டர்சனுக்குப் பக்கத்திலேயே கலவெராஸ் என்ற நிலநடுக்கப் பிளவு ஓடுகிறது. மீனுக்காக ஊரைப் பணயம் வைக்க முடியாது.

ஓடைக்கரை மீனா:
ஊரைப் பணயம் வைக்கச் சொல்லவில்லை, ராகவன். பாதி அளவில் நிறுத்தியிருக்கலாமே? ஜெனீவா பக்கம் ரோன் ஆற்றில் வெர்புவா அணையை முன்பெல்லாம் முழுதாக இறக்குவார்கள். மீன்கள் செத்தன. 2016லிருந்து பகுதியளவு மட்டும் இறக்குகிறார்கள்.

மண்ணணை ராகவன்:
அது வண்டலை வெளியேற்றுவதற்கான இறக்கம். இது நிலநடுக்க ஆபத்து. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. பாதியில் நிறுத்துவது இங்கே ஏன் நடக்காது என்பதற்கு 2017 பிப்ரவரியே சாட்சி. மதகை முழுதாகத் திறந்து வைத்தும் மழையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஏரி நிரம்பி, கலிங்கு வழியாக வழிந்து, சான் ஹோசேயில் சுமார் 14,000 பேர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. பழைய மதகுக் குழாய் அவ்வளவு சிறியது. அதனால்தான் முதலில் பெரிய சுரங்கக் குழாய் போடச் சொன்னார்கள்.

பழைய ஓடை:
இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். அணை வருவதற்கு முன் இந்த ஓடையின் பல இடங்கள் கோடையில் வறண்டுதான் கிடந்தன. கோடை முழுக்க ஓடும் நீர் அணை கொடுத்தது. அது நின்றால் இயற்கை பழைய நிலைக்குத் திரும்புகிறது என்றும் சொல்லலாம் அல்லவா?

ஓடைக்கரை மீனா:
சொல்ல முடியாது, அண்ணா. முன்பு கோடையில் கீழே காய்ந்தாலும் மீன் மேலே, மலையோரக் குளிர்ந்த கிளை ஓடைகளுக்குப் போய்விடும். இன்று குறுக்கே அணை நிற்கிறது. வீட்டைப் பிடுங்கிக்கொண்டவர்கள் திண்ணையையாவது விட்டுவைக்க வேண்டாமா?

கிணற்றடி செந்தில்:
மீனோடு நிலத்தடி நீரையும் சேர்த்துப் பேசுங்கள். கோயோட்டி ஓடையில் விடும் நீர் மண்ணுக்குள் இறங்கித்தான் கிணறுகள் ஊறுகின்றன. போன நூற்றாண்டில் அளவுக்கு மீறி உறிஞ்சி, சான் ஹோசேயில் நிலம் 13 அடி வரை தாழ்ந்தது. ஏரியை வடித்த கையோடு வறட்சியும் வந்தது. 2021 ஜூனில் இங்குள்ள நீர் மாவட்ட நிர்வாகம் தண்ணீர்ப் பற்றாக்குறை அவசரநிலை அறிவித்து, நீர்ப் பயன்பாட்டை 2019ஐவிட 15 சதவீதம் குறைக்கச் சொன்னது. வெளியிலிருந்து கொண்டுவந்த நீரை வைத்துத்தான் சமாளித்தார்கள்.

மண்ணணை ராகவன்:
செந்தில் சொல்வது சரி. அப்புறம், மீனா கேட்காத ஒன்றை நானே சொல்கிறேன். வடிப்பதில் மோசமான கட்டம் கடைசிக் கட்டம்தான். நீர் குறையக் குறைய, ஓடை பல பத்தாண்டு வண்டலை அறுத்துக்கொண்டு ஓடும். அந்தச் சேறு கீழே சரளைக்கல் இடுக்குகளை அடைத்தால், உள்ளே இருக்கும் முட்டைக்கு மூச்சு இருக்காது. மெதுவாக இறக்குவது, முட்டையிடும் பருவத்துக்கு முன்பே முடிப்பது, இரண்டும் முக்கியம். மீன்களைப் பிடித்து இடம் மாற்றினார்கள், ஓடையில் விடும் நீரைக் குளிர்விக்க இயந்திரமும் வைத்தார்கள். ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லாதீர்கள்.

ஓடைக்கரை மீனா:
செய்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குளிர்விக்கும் இயந்திரம் ஏரியை வடித்த பிறகுதானே வந்தது? நிலநடுக்க பயத்தால் நீர்மட்டத்துக்குக் கட்டுப்பாடு போட்டது 2009 வாக்கில். பத்தாண்டுக்கு மேல் கையில் இருந்தது. என்றாவது ஒருநாள் வடிக்க வேண்டி வரும் என்று தெரிந்த அன்றே அதை வாங்கி நிறுத்தியிருக்கலாம்.

மண்ணணை ராகவன்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. வடித்தது சரி என்பதில் நான் இன்னும் மாறவில்லை. ஆனால் அந்தப் பத்தாண்டு வீணானது ஊருக்கும் ஆபத்து, ஓடைக்கும் ஆபத்து. சுரங்கக் குழாயை முன்பே போட்டிருந்தால் 2017 வெள்ளத்தின் வேகமும் குறைந்திருக்கும்.

ஓடைக்கரை மீனா:
அப்படியானால் அடுத்த கேள்வியை இப்போதே கேட்டுவிடுகிறேன். ஏரியைத் திரும்ப நிரப்பும் மழைக்காலத்தில், வரும் நீரை எல்லாம் ஏரிக்கே பிடித்து வைத்தால் ஓடைக்கு என்ன மிஞ்சும்? எத்தனை நாள், எவ்வளவு நீர் கீழே விடுவார்கள் என்று எழுத்தில் இருக்க வேண்டும், அணைக்கு முதல் கூடை மண் விழுவதற்கு முன்பே.